பக்கத்து பார்ட்டிஷனில் இருக்கும் கோப்பு நேற்று திறந்தது, இன்று ஏன் திறக்கவில்லை?

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருக்கும் நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். “லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் தொட்டாலே ஆபத்து” என்பார் ஒருவர். “நான் தினமும் தொடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பார் அடுத்தவர். “அது வேறு சிஸ்டம், அந்தக் கோப்பு இதில் திறக்காது” என்பார் மூன்றாமவர். நான்காமவர்தான் பாவம். “நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை. நான் எதையும் மாற்றவே இல்லை” என்று தலையைச் சொறிவார்.

நால்வரும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு அடுக்குகளில் நடக்கும் விஷயங்களை எல்லாம் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையை முக்கியமாக அந்த நான்காமவருக்காகவே எழுதுகிறேன். ஆனால் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் மற்ற மூவரையும் கடந்துதான் போகவேண்டும்.

## கிடங்கு ஒன்று, பொறுப்பாளர் இருவர்

ஒரு பெரிய கிடங்கு. பகலில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், இரவில் இன்னொருவர். ஒருவர் கிளம்பிய பிறகுதான் மற்றவர் உள்ளே வருவார். இருவரும் ஒருநாளும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

டூயல் பூட் என்பது இதுதான். ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவிவிட்டு, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுவது. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் எங்கோ பின்னணியில் விழித்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் என்பது வட்டில் கிடக்கும் கோப்புகளின் குவியல் மட்டுமே. அதனால் “விண்டோஸ் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறது” என்று சொல்வதில் அர்த்தமில்லை. விடவும் மறுக்கவும் அங்கே ஆளே இல்லை. மறுப்பது யாராக இருந்தாலும், அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம்தான்.

கிடங்குக்குள் அறைகள் உண்டு. வட்டை இப்படி அறைகளாகத் தடுத்து வைப்பதைத்தான் பார்ட்டிஷன் என்கிறோம். ஓர் அறையில் விண்டோஸ் குடியிருக்கும், இன்னொன்றில் லினக்ஸ், வேறொன்றில் உங்கள் படங்களும் பாட்டுகளும். கோப்பு இருப்பது அறையில். இயங்குதளத்தின் “உள்ளே” அல்ல.

இங்கேயே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சி, டி என்ற எழுத்துகள் விண்டோஸ் தன் வசதிக்காக அறைக் கதவுகளில் ஒட்டிக்கொண்ட சீட்டுகள். லினக்ஸ் அந்தச் சீட்டுகளைப் பார்ப்பதே இல்லை. அது அதே அறையை எஸ்டிஏ3 என்பதுபோல ஒரு பெயரால் அழைக்கும். கோப்பு மேலாளரில் அந்தப் பார்ட்டிஷனுக்கு வைத்த பெயரோ, பெயர் வைக்காவிட்டால் அதன் கொள்ளளவோ தெரியும். “லினக்ஸ் போட்டதும் என் டி டிரைவ் காணாமல் போய்விட்டது” என்று பதறுபவர்களில் பெரும்பாலோரின் டிரைவ் அதே இடத்தில், வேறு பெயரில், பத்திரமாக இருக்கும்.

## பேரேடு எழுதும் முறை

வட்டுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணிட்ட சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 512 பைட் அல்லது 4,096 பைட் கொள்ளும். உங்கள் ஒரே ஒரு படம் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பெட்டிகளில் சிதறிக் கிடக்கலாம். எந்தப் படம் எந்தெந்தப் பெட்டிகளில், எந்த வரிசையில் இருக்கிறது, எந்தப் பெட்டிகள் காலி என்பதையெல்லாம் யாராவது எழுதி வைக்கவேண்டும் அல்லவா? அந்தப் பேரேட்டையும் அதை எழுதும் விதிகளையும் சேர்த்துத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம். தமிழில் கோப்பு முறைமை.

விண்டோஸ் தன் அறையில் எழுதும் முறை என்டிஎஃப்எஸ். 1993இல் விண்டோஸ் என்டி 3.1உடன் வந்தது. லினக்ஸில் பரவலாக இருப்பது எக்ஸ்ட்4. 2008இன் இறுதியில் லினக்ஸ் கெர்னல் (அதாவது லினக்ஸின் மையப்பகுதி) 2.6.28இல் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பேரேட்டின் கட்டங்கள், குறியீடுகள், பக்க அமைப்பு எல்லாமே வேறு. ஒன்றை மட்டுமே பழகியவருக்கு மற்றொன்று வெறும் கிறுக்கல்.

இப்போது மூன்றாமவரிடம் திரும்புவோம். “அந்தக் கோப்பு இதில் திறக்காது” என்றார். அவர் இரண்டு பூட்டுகளை ஒன்றாக எண்ணிவிட்டார். முதல் கேள்வி, பேரேட்டைப் படித்துக் கோப்பை எடுத்துவர முடியுமா? இரண்டாவது, எடுத்துவந்த கோப்பைத் திறக்க ஏற்ற நிரல் இருக்கிறதா? ஜேபெக் படம், எம்பி3 பாட்டு, பிடிஎஃப் எல்லாம் எந்த அறையில் வைத்தாலும் அதே கோப்புதான். பைட்டுக்கு பைட் மாறாது. விண்டோஸுக்காகச் செய்த ஒரு நிரல் லினக்ஸில் ஓடாமல் போவது இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது. பார்ட்டிஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், கோப்பு அறையில் இருக்கிறது. அது எங்கே என்று சொல்வது பேரேடு. அந்தப் பேரேட்டின் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

## யாருக்கு யாருடைய எழுத்து தெரியும்?

இங்கே சமத்துவம் கிடையாது. லினக்ஸ் மற்றவர் எழுத்தைப் படித்துப் படித்துத் தேறிய பிள்ளை. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கியின் முதல் நிலையான பதிப்பு 2007இல் வந்ததிலிருந்து, விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிப்பது மட்டுமல்லாமல் அதில் எழுதுவதும் லினக்ஸில் சாதாரண விஷயமாகிவிட்டது. இயக்கி என்பது ஒரு குறிப்பிட்ட சாதனத்தையோ முறையையோ கையாள இயங்குதளத்துக்குக் கற்றுத்தரும் மென்பொருள். 2021இல் கெர்னல் 5.15இல் என்டிஎஃப்எஸ்3 என்ற இன்னோர் இயக்கி கெர்னலின் பகுதியாகவே சேர்ந்தது. ஆப்பிள் கணினிகளின் மேக்ஓஎஸ் நடுவாந்தரம். என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தெரியாது. தெரியாத பேரேட்டைக் கண்டால் அது என்ன செய்யும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் அந்தப் பார்ட்டிஷனைக் கண்ணிலேயே காட்டாமல் விட்டுவிடும். சில நேரங்களில், குறிப்பாக வெளியிலிருந்து செருகும் வட்டுகளில், “இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா?” என்று கேட்கும். ஃபார்மட் என்பது பழைய பேரேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய பேரேடு தொடங்குவது. கேள்வி பணிவாக இருக்கும். ‘சரி’ என்று ஒரு அழுத்து அழுத்தினால் லினக்ஸ் அறை முழுவதும் அனாதையாகிவிடும். இந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு பதில் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

விண்டோஸின் உள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி மூலம் எக்ஸ்ட்4 வட்டைப் படிக்க வழி இருக்கிறது. பலர் இதைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அது பார்ட்டிஷனைத் தனியாக வாங்கிக்கொள்ளாது, முழு வட்டையும் கேட்கும். விண்டோஸ் எந்த வட்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்த வட்டை அப்படிக் கொடுக்க முடியாது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளமும் இருக்கும் மடிக்கணினிக்கு, ஆகவே, இது உதவாது. எக்ஸ்ட்4 படிக்கும் தனி மென்பொருள்களும் உண்டு. படிக்க மட்டும் பயன்படுத்துங்கள் என்பது என் கருத்து. எழுதும் வேலையை அந்த எழுத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடமே விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சொல்லும் இங்கே தேவைப்படுகிறது: மவுண்ட். லினக்ஸில் சி, டி என்று தனித்தனி மரங்கள் கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகள். ஒரு பார்ட்டிஷனின் பேரேட்டைப் படித்து, அதை அந்த மரத்தில் ஒரு கிளையாக ஒட்டவைப்பதுதான் மவுண்ட் செய்வது. கோப்பு மேலாளரில் அந்தப் பார்ட்டிஷனின் பெயரைச் சொடுக்கினாலே பெரும்பாலான லினக்ஸ்களில் இது நடந்துவிடும். சொடுக்கும் வரை அந்த அறை பூட்டியிருக்கவில்லை, கதவு சாத்தியிருக்கிறது. அவ்வளவுதான்.

## அணைத்தோம் என்று நினைத்தோம்

நான்காமவருக்கு இப்போதுதான் வருகிறோம்.

கிடங்கின் பகல்நேரப் பொறுப்பாளர் ஒவ்வொரு சரக்கு நகரும்போதும் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. காலையில் வந்ததும் முக்கியமான பக்கங்களை மனதில் ஏற்றிக்கொள்வார். அதன்பின் மனக்கணக்கில்தான் வேலை. எதெது நகர்ந்தது என்பதையும் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டு, பிறகு மொத்தமாக எழுதுவார். கணினியும் இப்படித்தான். வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. ஆகவே பேரேட்டின் பல பக்கங்கள் ஓடும் நேரத்தில் நினைவகத்தில்தான் இருக்கும். முறையாக அணைக்கும்போது மனதில் இருந்ததெல்லாம் பேரேட்டில் இறங்கி, “கணக்கு முடிந்தது” என்று ஒரு குறியும் போடப்படும். அடுத்து வருபவர் அந்தக் குறியைப் பார்த்தால்தான் தைரியமாகப் பேரேட்டைத் தொடுவார்.

2012இல் விண்டோஸ் 8உடன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி வந்தது. கணினி சீக்கிரம் எழவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இது இருக்கும்போது ‘ஷட் டவுன்’ அழுத்தினால், நீங்கள் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப்பகுதி உண்மையில் அணைவதில்லை. அதன் அப்போதைய மனநிலை முழுவதும் ஹைபர்ஃபில் என்ற பெரிய கோப்பில் அப்படியே படம்பிடித்து வைக்கப்படுகிறது. அடுத்தமுறை இயக்கும்போது முதலிலிருந்து தொடங்காமல், அந்தப் படத்தை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

பொறுப்பாளர் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார், மனக்கணக்கு மண்டையிலேயே இருக்கிறது.

இந்த நிலையில் இரவுப் பொறுப்பாளர் வந்து பத்து மூட்டைகளை இடம் மாற்றிவிட்டு, பேரேட்டிலும் ஒழுங்காக எழுதிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். காலையில் கண்விழிப்பவர் பேரேட்டை மறுபடி படிக்க மாட்டார். தன் மனக்கணக்கே சரி என்று நம்பி, அதன்படி பழைய பக்கத்தையே திரும்ப எழுதுவார். நீங்கள் லினக்ஸிலிருந்து போட்ட கோப்புகள் மாயமாகும். வரக்கூடியவற்றில் அதுதான் குறைந்த சேதம். ஒரே பெட்டி இரண்டு கோப்புகளுக்குச் சொந்தம் என்று இரண்டு இடத்தில் எழுதப்பட்டால் இரண்டுமே நாசம். முதலாமவர் “தொட்டாலே ஆபத்து” என்றது இதைத்தான். ஆபத்து தொடுவதில் இல்லை, உறங்குபவரின் மனக்கணக்கு இருக்கும்போது எழுதுவதில் இருக்கிறது. விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவுக்கு மட்டுமல்ல, அது அணையும் நேரத்தில் இணைத்து வைத்திருந்த டி டிரைவுக்கும் இது பொருந்தும்.

லினக்ஸ் இயக்கிகளுக்கு இந்த அபாயம் தெரியும். “விண்டோஸ் உறக்க நிலையில் இருக்கிறது” என்றோ “ஃபைல் சிஸ்டம் சுத்தமாக மூடப்படவில்லை” என்றோ சொல்லி, மவுண்ட் செய்ய மறுக்கும். அல்லது படிக்க மட்டும் அனுமதித்து எழுத விடாது. நம்மவர் இதைப் பழுது என்று நினைத்துத் திட்டுகிறார். அது காப்பு.

சரி, நேற்று எப்படித் திறந்தது? இங்கேதான் வேடிக்கை. விண்டோஸில் ‘ரீஸ்டார்ட்’ அழுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் தலையிடாது. முழுமையாகக் கணக்கை முடித்துவிட்டுத்தான் அணையும். ‘ஷட் டவுன்’ அழுத்தினால்தான் பாதி உறக்கம். அதாவது, முழுதாக அணைக்கும் பொத்தான் என்று நாம் நம்புவது முழுதாக அணைப்பதில்லை, மறுபடி தொடங்கும் பொத்தான்தான் அணைக்கிறது. நான்காமவர் நேற்று ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தார். பிறகு விண்டோஸுக்குப் போய், இரவு அதை அணைத்துவிட்டு, இன்று காலையில் கணினியை இயக்கி லினக்ஸுக்கு வந்தார். அவர் எதையும் மாற்றவில்லை என்றது நிஜம்தான்.

தீர்வு எளிது. விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பொத்தான்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். அது மங்கலாகத் தெரிந்தால், அதே பக்கத்தின் மேலே இருக்கும் ‘இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று’ என்ற இணைப்பை முதலில் அழுத்தவேண்டும். ஒருமுறைக்கு மட்டும் போதுமென்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ‘ஷட் டவுன்’ அழுத்தினால் முழுதாக அணையும். எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டுள்ள கணினியில் இந்த வசதியை நிறுத்துவதால் பெரிதாக நேர இழப்பு தெரியாது. டூயல் பூட் வைத்திருப்பவர் இதை முதல் நாளே நிறுத்திவிடவேண்டும் என்றுதான் சொல்வேன்.

இணையத்தில் வேறொரு குறுக்குவழியும் உலவுகிறது. லினக்ஸிலிருந்தே அந்த உறக்கப்படத்தை அழித்துவிட்டு வலுக்கட்டாயமாக மவுண்ட் செய்வது. விண்டோஸை உண்மையிலேயே ‘ஹைபர்னேட்’ செய்து, அதாவது திறந்த நிரல்களோடு அப்படியே உறங்கவைத்து வைத்திருந்தால், சேமிக்காத வேலைகள் எல்லாம் அதோடு போய்விடும். அதேபோல, என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கருவி பெயரளவில் பழுதுபார்ப்பு. சில மேலோட்டமான பிழைகளைச் சரிசெய்துவிட்டு, அடுத்தமுறை விண்டோஸ் சரிபார்க்கட்டும் என்று குறிப்பு எழுதி வைக்கும், அவ்வளவுதான். என்டிஎஃப்எஸ் உண்மையாகவே பழுதாகியிருந்தால் விண்டோஸுக்குள் போய் செக்டிஸ்க் என்ற அதன் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுவதே முறை.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போய், இருவரும் பகிரும் பார்ட்டிஷனில் எழுதினாலும் அதே கதைதான்.

ஆக, எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. முன்னவர் கணக்கை முடித்துவிட்டுப் போயிருக்கவேண்டும். முடிக்காவிட்டால் படிக்கலாம், எழுதக் கூடாது.

## பாஸ்வேர்ட் எதைக் காக்கிறது?

“என் விண்டோஸில் பாஸ்வேர்ட் இருக்கிறது, யாரும் கோப்பைப் பார்க்க முடியாது” என்பது பரவலான நம்பிக்கை. லினக்ஸிலிருந்து முதன்முறை அந்தப் பார்ட்டிஷனைத் திறந்து, எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லாமே தெரிவதைப் பார்த்ததும் பலருக்கு வியர்த்துவிடுகிறது. காரணம் எளிது. நுழைவு பாஸ்வேர்டைக் கேட்பது விண்டோஸ் என்ற ஆள். அந்த ஆளே இல்லாதபோது கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ‘இந்தக் கோப்பு இன்னாருக்கு மட்டும்’ என்று பேரேட்டில் எழுதியிருக்கும் அனுமதிக் குறிப்புகளும் அப்படித்தான். மதிக்கும் ஆளிருந்தால் மட்டுமே அவற்றுக்கு மதிப்பு.

இதற்கு உண்மையான காப்பு மறையாக்கம். அதாவது பெட்டிகளில் இருப்பதையே சாவியில்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது. விண்டோஸில் இது பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். இப்போது வரும் பல கணினிகளில் விண்டோஸ் 11 இதைத் தானே இயக்கிவிடுகிறது. அதனால் லினக்ஸில் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சொடுக்கியதும் சாவி கேட்டால் பதற வேண்டாம். பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்க எண். அது கையில் இருந்தால் இன்றைய லினக்ஸ்கள் பெரும்பாலும் திறந்துவிடும். லினக்ஸ் நிறுவும் முன்பே அந்த எண்ணை அந்தக் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வைத்திருப்பது அவசியம்.

## பொதுவான ஓர் அறை

அடிக்கடி இரண்டு பக்கமும் போய்வருபவர்கள், ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைவதைவிட, நடுவில் பொதுவாக ஓர் அறை வைத்துக்கொள்வது நிம்மதி. எந்த முறையில் அந்த அறையை அமைப்பது? ஃபேட்32 எல்லோருக்கும் தெரிந்த பழைய எழுத்து. ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது, ஒரு நீளமான காணொளிக்கே போதாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019இல் வெளியிட்ட பிறகு லினக்ஸ் கெர்னலும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பென் டிரைவுக்கு அதுவே சரி. கணினிக்குள் இருக்கும் பொது அறைக்கு நான் என்டிஎஃப்எஸ் பக்கம்தான் சாய்வேன். அதற்கு ஜர்னல் இருக்கிறது. பேரேட்டில் திருத்தம் செய்யும் முன், என்ன திருத்தப்போகிறோம் என்று ஓரமாகக் குறித்துக்கொள்ளும் வழக்கம் அது. பாதியில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பை வைத்து மீண்டுவிடலாம். எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது.

பெயர்களில் மட்டும் கொஞ்சம் கவனம். லினக்ஸ் ஒரு கோப்பின் பெயரில் முக்காற்புள்ளியையோ கேள்விக்குறியையோ அனுமதிக்கும், விண்டோஸ் அனுமதிக்காது. லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு, விண்டோஸுக்கு வழக்கமாக இரண்டும் ஒன்றே. பொது அறையில் எளிமையான பெயர்களே நல்லது. உங்கள் சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் லினக்ஸின் ஹோம் அடைவையே அந்த அறைக்கு மாற்றும் ஆசை மட்டும் வேண்டாம். லினக்ஸ் எதிர்பார்க்கும் உரிமைக் குறிப்புகளை அந்த எழுத்து அப்படியே ஏந்துவதில்லை.

## பெயர் இருக்கிறது, கோப்பு இல்லை

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சில கோப்புகள் மட்டும் லினக்ஸில் திறக்காமல் அடம்பிடிக்கும். பெயர் தெரியும், ஆனால் திறந்தால் பிழைச்செய்தி வரும். அவை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் அடைவுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்த அது பல கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மேகத்தில், அதாவது இணையத்தில், வைத்திருக்கும். விண்டோஸில் சொடுக்கினால் அந்த நொடியில் இறக்கித் தரும், அதனால் நமக்கு வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் எத்தனை நன்றாகப் பேரேடு படித்தாலும், அறையில் இல்லாத மூட்டையை எடுத்துவர முடியாது. மறுபடி விண்டோஸுக்குப் போய், அந்தக் கோப்பை ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்று குறித்து, இறங்கி முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுத்து வாருங்கள். ஷட் டவுன் அல்ல.